ஆடித் தள்ளுபடியில் தூக்கின வீடு

பாத்து ஏறுங்க சார். ஏழு படி. மூணரை அடி உயரத்துக்கு ஆறு படியே போதும்னு மேஸ்திரி சொன்னார், ஒத்தப்படையா இருக்கட்டும்னு நான்தான் ஏழாக்கினேன். கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சுக்குங்க. இந்தக் கம்பி தனிச் செலவு. அதெல்லாம் கம்பெனிக்காரன் எஸ்டிமேட்டுல வராது, இப்பவே குறிச்சு வச்சுக்குங்க.

செருப்பை அங்கயே விடலாம், ஒண்ணும் ஆகாது. கீழே குட்டியானை லோடு வண்டி நிக்குதே, அதைப் பாத்துட்டு நாங்க வீடு காலி பண்றோம்னு நெனச்சுடாதீங்க. அது நம்ம வண்டி இல்ல. பக்கத்துல வந்திருக்கு.

உக்காருங்க. கம்பெனிக்காரன் காலையிலயே போன் பண்ணிட்டான். வேளச்சேரியிலேருந்து ஒரு பார்ட்டி வர்றாரு, வீட்டைத் தூக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறாரு, உங்க வீட்டைக் கொஞ்சம் காட்டுங்கன்னான். மாசத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வந்துடறாங்க. எனக்குக் கமிஷனெல்லாம் கிடையாது சார். ஒரு பெருமை, அவ்வளவுதான். இந்தச் செல்லியம்மன் நகர் மூணாவது தெருவுல முதல் முதலா, வெள்ளத் தண்ணி ஏறாம ஜாக்கி வச்சு வீட்டை மேல தூக்கினவன் இந்த ஏகாம்பரம்தான். யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ரிட்டயர்டு டைம் கீப்பர், பஸ் டெப்போவுல முப்பத்தோரு வருஷ சர்வீஸ்.

டைம் கீப்பர்னா என்னன்னு தெரியுமில்ல? வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பணும், எத்தனை மணிக்கு வந்துச்சு, எல்லாம் நம்ம நோட்டுல. நான் விசில் ஊதினா வண்டி எடுத்தாகணும். முப்பத்தோரு வருஷத்துல யாருக்காகவும் ஒரு வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தி வச்சதில்ல சார். கூடப் பொறந்தவனுக்கே நிறுத்தினதில்ல. என் தம்பி சபாபதி, அப்ப அவனுக்கு இருபத்திரண்டு வயசு, கிண்டியில ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனி இன்டர்வியூவுக்கு ஓடி வர்றான். டெப்போ கேட்டுகிட்ட வந்துட்டான், கையைக் கையை ஆட்டறான். நான் வாட்ச்சைப் பாத்தேன். ஏழு அஞ்சு. ஊதிட்டேன். வண்டி போயிடுச்சு. அடுத்த வண்டியில போனான், வேலை கிடைக்கல. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அதனாலதான் சொந்தமா மெக்கானிக் ஆனான். ஃபிரிட்ஜ், வாஷிங்மெஷின், மிக்ஸி எல்லாம் பிரிச்சு மேய்வான். ஒரு வகையில நல்லதுதானே நடந்திருக்கு.

பக்கத்து வீடு அவனுதுதான். ஆமா, அந்தக் குட்டியானை நிக்கற வீடு. அதை விடுங்க.

நீங்க வீட்டு விஷயத்துக்கு வாங்க. ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல இடுப்பளவு தண்ணி. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வந்தா சமாளிக்கலாம் சார், ஒரு மனுஷன் அதுக்குள்ள மறுபடியும் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிடுவான். அப்புறம் பாத்தா ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அப்புறம் வருஷா வருஷம். கட்டில் போச்சு, பீரோ அடித்தட்டு துருப்பிடிச்சுப் போச்சு, பைக்கு ரெண்டு தடவை இன்ஜின் இறக்கினேன். கடல் சூடாயிடுச்சாம், மேகமெல்லாம் மாசக்கணக்குல பெய்ய வேண்டியதை ஒரே நாள்ல கொட்டிட்டுப் போயிடுதாம், டிவியில ஒரு அம்மா மேப்பெல்லாம் போட்டுக் காட்டுது. இருக்கட்டும். யாரோ கடலைச் சூடு பண்றான், நான் பில்லு கட்டறேன். இந்தப் பக்கம் ரோடு போடறவன் பழைய ரோட்டைச் சுரண்டாம அது மேலயே போட்டுட்டுப் போறான். மழை மேலேருந்து, ரோடு கீழேருந்து, நடுவுல என் பென்ஷன்.

அதான் ஒரு முடிவுக்கு வந்தேன். போன வருஷம் ஆனி மாசம் இந்தக் கம்பெனிக்காரன் வந்தான். அளந்து பாத்தான். பாத்துட்டு ஒரு சிக்கல் சொன்னான். சார், இது ஒரே வீடு, நடுவுல சுவர் வச்சு ரெண்டாக்கியிருக்கீங்க, மேல தளம் ஒண்ணு, அஸ்திவாரம் ஒண்ணு, தூக்கினா ரெண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கணும்னான். எங்கப்பா கட்டினது சார். அவர் போனப்புறம் ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுகிட்டோம். சண்டை கிண்டை கிடையாது. நடுச்சுவர்ல ஒரு கதவு வச்சிருந்தோம், எங்க சமையக்கட்டுக்கும் அவங்க ஹாலுக்கும். என் வீட்டம்மா புனிதா இங்கேருந்து சாம்பார் கொடுப்பா, அங்கேருந்து என் தம்பி சம்சாரம் மேகலா பொரியல் கொடுக்கும். கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது.

சபாபதிகிட்ட சொன்னேன். அவன் யோசிச்சான். ‘அண்ணா, ஒரு வருஷம் பொறுத்துக்க, அடுத்த ஆனிக்குச் சீட்டுப் பணம் கைக்கு வருது, சேர்ந்தே தூக்கிடலாம்’னான். நியாயமாத்தான் கேட்டான். ஆனா ஆடித் தள்ளுபடி வந்துடுச்சே சார். சிரிக்காதீங்க. துணிக்கடைக்காரன் மட்டும்தான் ஆடித் தள்ளுபடி போடணுமா? ஆடியில யாரும் வீட்டு வேலை ஆரம்பிக்கமாட்டாங்க, ஜாக்கியெல்லாம் கோடவுன்ல சும்மா கிடக்கும், அதனால ஆடி முடியறதுக்குள்ள அட்வான்ஸ் கொடுத்தா பத்து பர்சென்ட் தள்ளுபடின்னு நோட்டீஸ் அடிச்சிருந்தான். நாலு லட்சத்துல பத்து பர்சென்ட், நாப்பதாயிரம் ரூபா. யாரு விடுவா? நான் இன்ஜினியரைக் கூப்பிட்டேன். ஏம்ப்பா, என் பாதியை மட்டும் தூக்க முடியுமா முடியாதான்னு கேட்டேன். அவன் தலையைச் சொறிஞ்சான். அறுத்தா முடியும் சார்னான்.

அறுத்தோம்.

மேல தளத்தை மெஷின் வச்சு நேர்கோடா அறுத்தோம் சார், சுவரை ஒட்டினாப்பல. அந்த மெஷினுக்குத் தனி வாடகை, அறுபத்தஞ்சாயிரம் ஆச்சு. நடுச்சுவர் என் பக்கமே வந்துடுச்சு. சபாபதி பக்கம் தளத்துக்கு முட்டு வேணுமே, அவன் ஹால் ஓரத்துல நாலு இரும்புத் தூண் நிறுத்தினாங்க. அது ஒரு லட்சத்துப் பத்தாயிரம், அது அவன் பக்கம்கிறதால அவன் கணக்கு. யார்கிட்ட கடன் கேக்கறது, மேகலாவோட வளையலை அடகு வச்சுக் கட்டினான். நான் சொன்னேன், டேய், உன் வீடு இப்ப முன்னைவிட பலம்டான்னு. மேகலா அந்தத் தூணுக்குத் தூண் கொடி கட்டித் துணி காயப்போட்டுகிச்சு. சாமர்த்தியசாலி சார் அது.

வேலை நடந்த நாப்பத்தஞ்சு நாளும் நாங்க எங்க இருந்தோம்னு நெனக்கிறீங்க? எல்லாரும் வாடகை வீடு பாத்துப் போவாங்க, அட்வான்ஸ், பால், பேப்பர்னு பணம் பறக்கும். நாங்க ஒரு பைசா செலவு பண்ணல. சபாபதி வீட்லயே இருந்துட்டோம். அவன் பொண்ணு யாழினி, பதினொண்ணாங்கிளாஸ், அதோட ரூமை எங்களுக்குக் கொடுத்துட்டு அது ஹால்ல தூணுக்கு நடுவுல படுத்துகிச்சு. மூணு வேளையும் மேகலா சமையல். அந்தப் பக்கம் தொண்ணூறு ஜாக்கியை ஆள் ஆளுக்கு ஒரே நேரத்துல திருப்புவாங்க, விசில் ஊதினா அரைச் சுத்து. விசில் சத்தம் கேட்டா எனக்குக் கை துறுதுறுங்கும். ரெண்டு நாள் நானே ஊதினேன் சார். பசங்க ஒரு இழை பிசகாம திருப்பினாங்க.

புதுசா கிரகப்பிரவேசம் மாதிரி பால் காய்ச்சினோம். ஒரு விரிசல் இல்ல, வேணும்னா சுத்திப் பாருங்க. இந்த மூலையில ஒண்ணு இருக்கு, அது விரிசல் இல்ல, பூச்சு. மனைக்கும் நாலு லோடு மண்ணடிச்சு மேடாக்கிட்டேன். நான் தூக்கினதைப் பாத்து எதிர் வீட்டு ரெட்டியார் நாலடி தூக்கினார், முனை வீட்டுக்காரர் அஞ்சடி. தெருவே எழுந்து நின்னுடுச்சு. என் தம்பி வீடு மட்டும்தான் உக்காந்திருக்கு.

நீங்க என்ன, விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போடறீங்க? நாப்பதாயிரம் தள்ளுபடி, அறுபத்தஞ்சாயிரம் மெஷினா? அதெல்லாம் அப்படிப் பாக்கக் கூடாது சார். தள்ளுபடி வேற, மெஷின் வேற.

இப்ப என் வருத்தத்தைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. கார்த்திகையில மழை வந்துச்சு. விடாம ரெண்டு நாள். காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், எங்க வீட்டு ஆறாவது படி வரைக்கும் தண்ணி. உள்ள ஒரு சொட்டு இல்ல. புனிதா டீ போட்டுக் கொடுத்தா, நான் நாற்காலியைப் போட்டு வாசல்ல உக்காந்து குடிச்சேன். கட்டின பணத்துக்கு அந்த ஒரு டீ போதும்னு இருந்துச்சு. அப்பத்தான் நடுக்கதவைத் தட்டற சத்தம். அந்தக் கதவு சுவரோடயே மூணரை அடி மேல வந்துடுச்சு இல்லையா, எங்களுக்குத் தரை மட்டம், அவங்களுக்கு நெஞ்சு உயரம். திறந்தேன். கீழே சபாபதி நிக்கறான், நெஞ்சுக்கு ஒரு சாண் கீழ வரைக்கும் தண்ணி. முன்னெல்லாம் இடுப்பு வரைக்கும்தான் வரும். இந்தத் தடவை எல்லாரும் மேடாக்கிட்டாங்க, தண்ணி எங்கயாவது போய்த்தானே ஆகணும்.

முதல்ல யாழினியைத் தூக்கிக் கொடுத்தான். அப்புறம் மேகலா ஏறிச்சு. அப்புறம் என்ன பண்ணான் தெரியுமா? ரிப்பேருக்கு வந்த மிக்ஸி, கிரைண்டர் மோட்டார், ஒவ்வொண்ணா தலைக்கு மேல பிடிச்சு என்கிட்ட நீட்டறான். எல்லாம் ஊரான் வீட்டுச் சாமான். பதினேழு உருப்படி. அவன் வீட்டு டிவி அந்தாண்ட மிதக்குது, அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. வெள்ளம்னா அவனுக்குச் சீசன் சார், தண்ணி வடிஞ்சதும் ஊரே ஃபிரிட்ஜைத் தூக்கிட்டு அவன்கிட்டதான் வரும். பாதிப் பேர்கிட்ட காசும் வாங்கமாட்டான், அவங்களே நொந்து போயிருக்காங்கம்பான்.

பதினேழும் மேல வந்தாச்சு. ஏறுடான்னு கையை நீட்டினேன். அவனும் கையைக் கொடுக்க வந்தான். அப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். ‘அன்னிக்கே என்னோட சேர்ந்து தூக்கியிருந்தா இன்னிக்கு இப்படி நிப்பியாடா’ன்னேன்.

அவ்வளவுதான் சார். கையை இழுத்துகிட்டான். ‘யாழினி, இறங்கும்மா’ன்னான். பொண்ணைத் தோள்ல உக்காத்தி வச்சுகிட்டு, பொண்டாட்டியைக் கையில பிடிச்சுகிட்டு, அந்தத் தண்ணியிலயே நடந்து ஸ்கூல்ல போட்டிருந்த முகாமுக்குப் போயிட்டான். ஊரான் மிக்ஸியெல்லாம் என் வீட்ல ஈரம் படாம இருக்கு, என் தம்பி முகாம்ல பாய்ல படுத்திருக்கான். தெருவுல என்னை என்ன நெனப்பாங்க?

அதிலேருந்து என்கிட்ட பேச்சு இல்ல. பதினோரு மாசம். நான் என்ன பொய்யா சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. சரி, நீங்க வந்த விருந்தாளி, உங்களை ஏன் சங்கடப்படுத்தணும்.

பேசமாட்டானே தவிர ஒண்ணு விடமாட்டான். ரெண்டு வீட்டுக்கும் ஒரே போர்வெல், மோட்டார் அவன் பக்கம். காலையில சரியா ஆறு மணிக்கு மோட்டார் சத்தம் கேக்கும். ஆறு பத்துக்கு என் டேங்கு ரொம்பி வழியும், நிறுத்திடுவான். நான் வாட்ச் வச்சுப் பாத்திருக்கேன். பதினோரு மாசத்துல ஒரு நாள் தப்பினதில்ல, முகாம்ல இருந்த அஞ்சு நாள் தவிர. அதுலகூட தண்ணி வடிஞ்ச மூணாம் நாளே அங்கேருந்து நடந்து வந்து மோட்டாரைக் கழட்டிக் காய வச்சுப் போட்டுக் கொடுத்துட்டுப் போனான். எனக்கு டெப்போவுல இவன மாதிரி நாலு டிரைவர் இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்.

புனிதாவும் மேகலாவும் நடுக்கதவு வழியா எப்பவும் போல கொடுத்து வாங்கிக்கறாங்க. இவ கீழே குனிவா, அது மேல எட்டும். நான் பேப்பரைத் தூக்கி மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்குவேன், பாக்காத மாதிரி.

புனிதா வெளிய வந்து உங்களை வாங்கன்னுகூடச் சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. காலையிலேருந்து சமையக்கட்டுலயே இருக்கா. முட்டிவலி, இந்த ஏழு படியை வாரத்துக்கு ஒருக்கா இறங்கினா பெரிசு. கண்ணு வேற சிவந்திருக்கு, வெங்காயம்னு சொல்றா. புளிசோறு கட்டறா. புளிசோத்துக்கு எதுக்கு வெங்காயம்னு நான் கேக்கல.

ஆமா சார். நீங்க ஜன்னல் வழியா பாக்கறது சரிதான். அவன்தான் காலி பண்றான். கூடுவாஞ்சேரியில மாடி வீடு, வாடகை பன்னெண்டாயிரம். சொந்த வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு வாடகைக்குப் போறான். சீட்டுப் பணம் வந்துச்சு, வீட்டைத் தூக்கத்தான் வச்சிருந்தான். கம்பெனிக்காரன் பாத்துட்டு, அறுத்த வீடு சார், அந்தப் பக்கம் சுவர் இல்ல, தனியாத் தூக்க முடியாதுன்னுட்டான். அது எனக்குப் போன வாரம்தான் தெரியும். மேகலா புனிதாகிட்ட சொல்லி, புனிதா என்கிட்ட சொன்னா. விக்கலாம்னா பாதி வீட்டை யாரு வாங்குவா. ஐப்பசி பொறந்தாச்சு, இனிமே பொண்ணை வச்சுகிட்டு இங்க இருக்க முடியாதுன்னு கிளம்பிட்டான்.

எனக்கு என்ன? என் வீடு உயரத்துல இருக்கு.

உயரம்னு சொன்னேன் பாருங்க, அதுல ஒரு சின்ன விஷயம். போன மாசம் திருப்பி ரோடு போட்டான். முக்கால் அடி ஏறிடுச்சு. அப்ப எனக்கு மூணரை இல்ல, ரெண்டே முக்கால்தான். இன்னும் நாலு ரோடு போட்டா நான் பழைய இடத்துக்கே வந்துடுவேன். கம்பெனிக்காரன் சொல்றான், பழைய கஸ்டமருக்கு ரெண்டாவது தடவை பதினஞ்சு பர்சென்ட் தள்ளுபடியாம். பி.எஃப். பணம் முடிஞ்சுடுச்சுப்பான்னேன். தவணையா கட்டுங்க சார்ங்கறான்.

இருங்க. கதவு தட்டற சத்தம் கேக்குதா? வாசக்கதவு இல்ல, அது உள்ள. நடுக்கதவு. மேகலாவா இருக்கும், புளிசோறு வாங்க. புனிதா, போய்த் திற. புனிதா, உன்னைத்தான். என்ன, நீங்களே போய்த் திறங்கங்கறா. விருந்தாளி இருக்கும்போது இப்படிப் பேசறா பாருங்க. சரி, நானே திறக்கறேன். நீங்களும் வாங்க சார், அந்தக் கதவையும் பாத்தாப்பல ஆச்சு.

டேய்.

நீயா?

சார், இவன்தான் என் தம்பி. என்னடா அது கையில. மோட்டார் ரூம் சாவியா? இப்படிக் குடு. கொஞ்சம் இருங்க சார், குனிஞ்சாத்தான் எட்டும்.

என்ன சொன்ன? ஆறு மணிக்குப் போடணும். பத்து நிமிஷம். நிறுத்த மறந்துட்டா போர்வெல் காஞ்சு மோட்டார் கருகிடும். சரி. தெரியும்டா. எனக்குத் தெரியாதா ஆறு மணி. பதினோரு மாசம் கழிச்சு என்கிட்ட பேசறான் சார், மோட்டாரைப் பத்தி.

உள்ள ஒண்ணுமே இல்லையேடா. தூணு மட்டும்தான் நிக்குது. இந்தக் கோடு என்ன, சுவத்துல? அது வரைக்குமா தண்ணி வந்துச்சு? நான் அன்னிக்கு மேலேருந்து பாத்தேன், இவ்வளவு உயரம்னு தெரியல. யாழினி எங்க? வண்டியில ஏறிடுச்சா?

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான் சார். அவனுக்கு என்ன அவசரம்.

நான் ஒண்ணு சொல்லட்டுமாடா. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு அந்தச் சுவிட்சை என்னால போட முடியாதுடா. சாவி எனக்கு வேணாம். நீயே வச்சுக்க. மேல ரெண்டு ரூம் இருக்கு, நாங்க ரெண்டு பேர்தான். தப்பு என்னுதுதான்டா. அன்னிக்குச் சொன்னது மட்டும் இல்ல, அறுத்ததும். கொஞ்சம் நகரு, நான் இறங்கறேன். ஸ்டூலெல்லாம் வேணாம். கையைக் குடு.

திரும்பவும் ஹாரன். சார், நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணுங்க, கோவிச்சுக்காதீங்க. சட்டுனு வாசப்பக்கமா இறங்கிப் போய் அந்தக் குட்டியானைக்காரன்கிட்ட வண்டியை எடுக்க வேணாம்னு சொல்லுங்க. யாரு சொன்னதுன்னு கேட்டா டைம் கீப்பர் சொன்னார்னு சொல்லுங்க. எத்தனை நிமிஷம் நிக்கணும்னு கேப்பான்.

தெரியலையாம்னு சொல்லுங்க.